கானகத்தில் திறந்த பந்தயப் பாதை

பிரிட்டனின் ஆர்.ஏ.சி. ராலி என்னும் கார்ப் பந்தயம், வேகக் கட்டுப்பாடுள்ள பொதுச் சாலைகளிலேயே பல ஆண்டுகள் நடைபெற்று வந்தமையால், அதன் வெற்றியை நிர்ணயித்தவை பெரும்பாலும் வழிகாணும் கூர்மையும், குறுகிய இடத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்தும் சாமர்த்தியப் பரீட்சைகளுமே ஆகும். இந்நிலையை மாற்ற விழைந்த அமைப்பாளர் ஜாக் கெம்ஸ்லி, அரசாங்க வனத் துறையாரை இணங்கச் செய்து, 1960இல் ஸ்காட்லாந்தின் சரளைக்கல் வனப்பாதை ஒன்றில், சுமார் 2 மைல் தூரத்துக்குப் பரீட்சார்த்த ஓட்டம் நடத்தியபோது, குறித்த நேரத்துக்குள் அதைக் கடந்தவர் ஸ்வீடன் தேசத்து எரிக் கார்ல்ஸன் ஒருவரே! மறு ஆண்டு காட்டுப் பாதைகள் பல திறக்கப்பட்டன. வலக் காலை ஆக்ஸிலரேட்டரினின்று எடாமலே இடக் காலால் பிரேக்கை மிதித்து வளைவுகளைக் கடக்கும் அபூர்வக் கலையில் தேர்ந்த கார்ல்ஸன், 3 சிலிண்டர் மட்டுமே கொண்ட சிறிய சாப் 96 காரில், 1960 முதல் 1962 வரை தொடர்ந்து வாகை சூடினார்.

ஆயினும், என் மனத்தைப் பெரிதும் ஈர்ப்பவர்கள், ஊதியமோ கம்பெனி ஆதரவோ இன்றிச் சொந்தப் பணத்தைச் செலவிட்டு, முன்னோட்டம் பார்க்க அனுமதியில்லாத அப்பாதைகளில், நவம்பர் மாதத்து மூடுபனியினூடே, அடுத்த வளைவு எத்தகையது என்று அறியாமலே விரைந்த அமெச்சூர் ஓட்டுநர்களே. அவர்தம் உற்சாகத்துக்குச் சற்றும் குறைந்ததன்று, காட்டுக் குளிரில் இரவெல்லாம் நின்று நேரம் குறித்த மோட்டார் சங்கத் தொண்டர்களின் சேவை.