கோடைக் குளத்தில் விரால் பிடித்தல்

ஆனி, ஆடி மாதங்களில் வன்னிக் குளங்களின் நீர் அலைகரையை விட்டு வெகுதூரம் பின்வாங்கிவிடும். சிறுபோகம் செய்ய வழியில்லாத குடும்பங்களுக்கு, அதிலும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் வேறோர் ஊரின் குளத்தருகே குடியிருப்பவர்களுக்கு, இக்காலத்தில் ஒரு நேரக் கறியும் பெரிய காரியமே. வலை வாங்குவதற்குப் பணம் வேண்டும். தூண்டிலுக்கு அவ்வளவு செலவில்லை.

விராலைப் பிடிக்க விரும்புவோர் முதலில் அது மூச்சு விடும் முறையை அறிதல் வேண்டும். சூடான நீரில் பிராணவாயு குறைவாகவே கரையும். பாசியும் நீர்ச்செடிகளும் பகலில் அதை வெளிவிட்டாலும், இரவில் தாமே எடுத்துக்கொள்கின்றன. எனவேதான் விடியற்காலையில் திலாப்பியா நீர்மட்டத்தில் வாயைப் பிளந்து தவிப்பதைக் காண்கிறோம். விராலுக்கு இத்தவிப்பு இல்லை. செவுள்களுக்கு மேலுள்ள ஓர் உறுப்பினால் அது வெளிக்காற்றையே சுவாசிக்கிறது. நீருக்கடியில் தடுத்து வைத்தால் மூச்சுத் திணறி இறந்துவிடும். ஆகையால் எங்கே ஒளிந்திருந்தாலும் மேலே வந்தே ஆகவேண்டும். தாமரை, ஆம்பல் இலைகளுக்கிடையில் "களக்" என்று ஒரு சத்தமும் சிறு வளையமும் தோன்றினால், அங்கே விரால் இருக்கக்கூடும்.

வட அமெரிக்காவில் சிறுவாய்ப் பாஸ் என்றொரு மீனை மென்மையான பிளாஸ்ரிக் புழுக்களால் பிடிக்கின்றனர். அது தெளிந்த, குளிர்ந்த நீரையும் கல்லடியையும் விரும்புவது. கோடை முற்றினால் பெரும்பாலும் ஆழத்துக்குப் போய்விடும். எனவே அவர்கள் ஈயம் கட்டி இரையை அடிக்கு இறக்குவார்கள். நமக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு: மிதக்கும் தவளை. ஆனால் அவர்களிடம் கற்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. முள்ளின் கூரை இரையின் உடலுக்குள்ளேயே புதைத்துவிடுவார்கள். செடியில் சிக்காது, மீன் கடித்து நசுக்கும்போது மட்டும் கூர் வெளிப்படும்.

கடையில் விற்கும் மென்தவளை கிடைத்தால் நல்லது. இல்லாவிடில் பழைய இறப்பர்ச் செருப்பின் மிதக்கும் அடியைப் பெருவிரல் அளவில் வெட்டி, சைக்கிள் ரியூப் கீற்றுகள் இரண்டைக் கால்களாகக் கட்டுங்கள். இதன் உடல் எளிதில் நசுங்காது. ஆகவே முள்ளின் கூரைப் புதைக்காமல் முதுகோடு ஒட்டிப் படியவிடுங்கள். தங்கூசி தடிப்பானதாக இருக்கட்டும், ஏனெனில் விரால் கடித்ததும் செடிக்குள்ளேயே பாயும். நீண்ட மூங்கில் தடியே போதும்.

அதிகாலையும் மாலையும் ஏற்றவை. மீன் மூச்செடுத்த இடத்துக்குச் சற்று அப்பால் இரையை விழவிட்டு, அலை அடங்கும்வரை அசையாதிருங்கள். பின் சிறிது இழுத்து நிறுத்துங்கள். அடித்தவுடன் வெட்டி இழுப்பதே பலரும் செய்யும் பிழை. இரண்டு எண்ணும்வரை பொறுத்தால் இரை வாய்க்குள் போய்விடும்.

செந்நிறக் குஞ்சுக் கூட்டம் ஒன்று நீர்மட்டத்தில் அசைந்தால், அதன் கீழே பெற்றோர் காவல் நிற்கும். அவ்வேளையில் அவை எதையும் பாய்ந்து கடிக்கும்; பிடிப்பதும் மிக எளிது. ஆயினும் பிடிக்காதீர்கள். காவல் போனால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகும், அடுத்த ஆண்டு குளத்தில் விரால் குறையும்.

புதிதாக வந்து குடியேறியவர்கள் அவ்வூர்க் கமக்காரர் அமைப்பிடமும், நன்னீர் மீன்பிடிச் சங்கம் இருப்பின் அதனிடமும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். குளம் அவர்களுடைய வயலுக்கும் மாட்டுக்கும் உரியது. கேளாமல் இறங்கியதால் வரும் மனக்கசப்பு ஒரு மீனோடு முடிவதில்லை.

நீர் வற்றும்போது முதலைகளும் எஞ்சிய மடுவிலேயே சேரும். இடுப்பளவு நீரில் நின்று தூண்டில் போடவேண்டாம். சிறுவர்களைத் தனியே அனுப்பவும் வேண்டாம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கத்தில், எவ்வளவு பெரிய மீன் துள்ளினாலும், கால் வைக்கலாகாது. நீர் விலகிய சேற்றில் அறியாத இரும்புப் பொருள் ஏதும் தெரிந்தால் தொடாமல் கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள்.

நன்னீர் மீனில் மனித உடலிலும் புகக்கூடிய புழுக்கள் இருக்கலாம். தடித்த துண்டங்களை நடுவரை வேகவிடுங்கள். அறுந்த தங்கூசியையும் பிய்ந்த இறப்பரையும் குளத்தில் விடாமல் வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். கொக்கின் காலிலும் மாட்டின் வாயிலும் சிக்குவது அவைதாம்.