காது இருக்கா, பாருங்க சார்!

ஆம்பூர் ஷூ போட்டு ஆபீஸ் போகிறவரா நீங்கள்? வாட்டில் பட்டையும் குரோமியமும் வருவதற்கு முன்னால், இந்தப் பக்கத்துத் தோலைப் பதப்படுத்தியது ஆவாரம்பட்டைதான். ஜவ்வாது மலையடிவாரத்தில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்குமே, அதே செடி!

'மஞ்சப் பூன்னா ஆவாரம்பூதானே?' என்று எதையாவது பறித்துவந்து டீ போட்டுவிடாதீர்கள். பேயாவாரையும் மஞ்சள்தான். அதன் விதை விஷம். உத்தரப்பிரதேசத்தில் அதைத் தின்ற குழந்தைகள் இறந்திருக்கிறார்கள்.

பூவை விடுங்கள், இலைக்காம்பின் அடியைப் பாருங்கள். காது மாதிரி பச்சை மடல்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் ஆவாரை. (நம்ம மேனேஜர் மாதிரியே... காது இருக்கும், கேட்காது!) 1753-ல் லின்னேயஸ் வைத்த 'ஆரிகுலேட்டா' என்ற பெயருக்கே 'காதுள்ளது' என்றுதான் அர்த்தம். பேயாவாரைக்கு இந்தக் காது கிடையாது. இலையைக் கசக்கினால் குப்பென்று நாறும். காயும் ஒல்லி. ஆவாரங்காயோ தட்டையாக, காகிதம் மாதிரி இருக்கும்.