பிரிண்டர் வாங்கப் போகிறீர்களா? பக்கக் கணக்கைப் பாருங்கள்!

இரவு எட்டரை மணி. சமையலறை வேலைகளை முடித்துவிட்டுச் சற்று உட்காரலாம் என்று நினைக்கிறீர்கள். "உம்மா, இந்த ஒப்படையை நாளைக்கு பிரிண்ட் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்காங்க" என்று மகள் வந்து நிற்கிறாள். சந்தியிலுள்ள போட்டோகொப்பிக் கடை இந்நேரம் பூட்டியிருக்கும். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடக்குறிப்புகள் வட்ஸ்அப்பில் வரத் தொடங்கிய பின்னர் இது பல வீடுகளில் வழமையாகிவிட்டது. "வீட்டில் ஒரு பிரிண்டர் இருந்தால் நல்லது" என்று எண்ணாத தாய்மார் குறைவு.

எண்ணம் நல்லதுதான். ஆனால், விலை குறைந்த மெஷின்தான் சிக்கனமானது என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். மெஷினை ஒரு தடவைதான் வாங்குகிறோம். மையைத் திரும்பத் திரும்ப வாங்குகிறோம். மெஷினை மலிவாக விற்று, மையில் லாபம் பார்ப்பது இவ்வியாபாரத்தின் பழைய வழி.

மூன்று வகை

முதலாவது, சிறிய கார்ட்ரிஜில் மை வரும் இன்க்ஜெட். மெஷின் மலிவு, மை விலை அதிகம். இரண்டாவது, போத்தலில் வாங்கிய மையை நாமே ஊற்றும் டேங்க் வகை. எப்சன் நிறுவனம் 2010இல் இந்தோனேசியாவில் இவ்வகையை அறிமுகப்படுத்தியது. இன்று வேறு நிறுவனங்களும் தயாரிக்கின்றன. மெஷின் விலை அதிகம், மை மலிவு. மூன்றாவது லேசர். இதிலுள்ள டோனர் தூள் என்பதால் காய்ந்துபோகாது. கறுப்பு எழுத்து மட்டும் போதும் என்பவர்களுக்கு இது பொருத்தம்.

ஒரு கணக்குப் போடுவோம்

விளங்கிக்கொள்வதற்காக ஓர் உதாரணம். 22,000 ரூபா மெஷினுக்கு 4,000 ரூபா கார்ட்ரிஜ் 200 பக்கம் தருகிறது என்றால் ஒரு பக்கத்துக்கு மைச்செலவு 20 ரூபா. 60,000 ரூபா டேங்க் மெஷினுக்கு 4,000 ரூபா மை 4,000 பக்கம் தருகிறது என்றால் ஒரு ரூபா. ஒவ்வொரு பக்கத்திலும் 19 ரூபா மிச்சம். மெஷினுக்கு அதிகமாகக் கொடுத்த 38,000 ரூபாவை 2,000 பக்கங்களில் மீட்டுவிடலாம். மாதம் 100 பக்கம் எடுக்கும் வீட்டுக்கு இருபது மாதம்.

மாதம் பத்துப் பக்கம் மட்டும் எடுக்கும் வீட்டுக்கோ பதினாறு வருடங்களுக்கு மேல்! மெஷின் அதுவரை தாங்குமா? அப்படிப்பட்டவர்கள் கடையிலேயே பிரிண்ட் எடுப்பதுதான் சிக்கனம். ஆகவே, வாங்குமுன் இரண்டு மாதங்களுக்கு எத்தனை பக்கம் எடுக்கிறீர்கள் என்பதை ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள்.

கடையில் கேட்க வேண்டியவை

* மை அல்லது டோனரின் விலை என்ன, அது எத்தனை பக்கம் தரும்? (படம் நிறைந்த பக்கங்களுக்குக் கூடுதலாகச் செலவாகும்.)
* பெட்டிக்குள் வரும் கார்ட்ரிஜ் முழு அளவா? பலவற்றில் குறைவாகவே இருக்கும்.
* வேறு நிறுவன மையைப் பாவிக்கலாமா? அதனால் உத்தரவாதம் இல்லாமல் போகுமா?
* தாளின் இருபக்கமும் தானாகவே அடிக்குமா?
* உங்கள் ஊரில் மை கிடைக்குமா, திருத்துவதற்கு ஆள் உண்டா?

வாங்கிய பின்

இன்க்ஜெட்டைச் சும்மா வைத்தால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். வாரத்துக்கொரு முறையாவது ஒரு கலர்ப் பக்கம் எடுங்கள். நிறுத்தும்போது சுவரிலுள்ள சுவிட்சை அணைக்காமல், மெஷினிலுள்ள பட்டனையே அழுத்துங்கள். அப்போதுதான் மை வரும் பகுதி மூடிக்கொள்ளும். அடிக்கடி சுத்தம் செய்யும் கட்டளையைக் கொடுக்காதீர்கள்; அதற்கும் மைதான் செலவாகிறது. பிள்ளைகளின் பயிற்சித் தாள்களுக்கு "டிராப்ட்" முறை போதும்.

தாளையும் மறந்துவிடாதீர்கள். 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன அல்லவா? ஒருபக்கம் வெறுமையான தாள்களைச் சேர்த்து வைத்தால் கணக்குச் செய்து பார்க்க உதவும்.

சகோதரிகளே! பிள்ளையின் படிப்புக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கும் பொருள் இது. மை வாங்கக் கட்டுப்படியாகாமல் மேசை மூலையில் துணி போர்த்திக் கிடப்பதற்காகவா அதை வாங்குகிறோம்?