உங்களுக்குத் தெரியுமா? – ஒன்றுவிடாமல் பிடிப்பவர்களுக்கு!

1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் வெளிவந்த முதல் போக்கிமான் கேமில் உள்ள எல்லா ஜீவன்களையும் தனி ஆளாகப் பிடித்து முடிக்கவே முடியாது, தெரியுமா? சிவப்பு, பச்சை என்று இரண்டு கேசட்டுகள். எகன்ஸ் என்ற பாம்பு சிவப்பில்தான் கிடைக்கும், சாண்ட்ஷ்ரூ பச்சையில்தான். ஆரம்பத்தில் நீட்டப்படும் மூன்று ஜீவன்களில் ஒன்றுதான் உங்களுக்கு. இரண்டு புதைபடிவங்களிலும் ஒன்றுதான். ஹாண்டர், கடாப்ரா உள்ளிட்ட நான்கு ஜீவன்கள், கேபிள் வழியாக இன்னொருவர் கைக்குப் போனால்தான் அடுத்த வடிவம் எடுக்கும். உருவாக்கியவர் சடோஷி தஜிரி, டோக்கியோவை ஒட்டிய மச்சிடாவில் பூச்சி பிடித்துத் திரிந்த சிறுவன். பிடித்ததைப் பிள்ளைகள் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். அழகான எண்ணம்தான். ஆனால் பக்கத்தில் நண்பன் இல்லாத பிள்ளைக்கு, பிடித்த ஜீவன்களின் பட்டியல் கடைசிவரை நிறையவே நிறையாது.

150 ஜீவன்களோடு நிற்க வேண்டிய அந்தக் கேமில் 151ஆவதாக மியூ நுழைந்தது கடைசி நேரத்தில். பிழை தேடும் கருவிகளை நீக்கியபோது சுமார் 300 பைட் இடம் மிஞ்சியது. சிகேகி மோரிமோட்டோ என்ற நிரலாளர் அதில் மியூவை ஒளித்துவைத்தார். பிறகு ஒரு ஜப்பானியப் பத்திரிகை அதை 20 பேருக்குத் தருவதாக அறிவித்தபோது, விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 78,000 பேர்!

நண்பன் இல்லாமல் பட்டியல் நிறையாத குறையைத் தீர்த்தவர்கள் ரசிகர்கள். அவர்களே உருவாக்கி இலவசமாகத் தரும் பல கேம்களில், கைமாற்றினால்தான் மாறும் ஜீவன்கள் குறிப்பிட்ட லெவல் வந்ததும், அல்லது ஒரு பொருளைக் கொடுத்ததும் மாறிவிடும். அதிகாரபூர்வத் தொடரில் இதே வேலையைச் செய்யும் ‘லிங்க்கிங் கார்ட்’ வந்தது 2022இல், ‘லெஜண்ட்ஸ்: ஆர்சியஸ்’ கேமில்தான். ரசிகர்கள் முந்திக்கொண்டார்கள் என்று தாராளமாகச் சொல்லலாம்.

இத்தகைய கேம்களில் பெரும்பாலானவற்றுக்கு அடித்தளம் ‘போக்கிமான் எசென்ஷியல்ஸ்’ என்ற தொகுப்பு. ‘ஆர்பிஜி மேக்கர் எக்ஸ்பி’ மென்பொருளில் ரூபி மொழியில் எழுதப்பட்டது. பதிப்புரிமைப் புகாரால் 2018இல் அதன் அதிகாரபூர்வப் பக்கம் நீக்கப்பட்டது.

‘போக்கிமான் யுரேனியம்’ பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இரண்டே பேர் முன்னின்று 9 ஆண்டுகள் உழைத்து 2016 ஆகஸ்டில் வெளியிட்டது. டாண்டர் என்ற புதிய நிலப்பரப்பு. 150க்கும் மேற்பட்ட புதிய ஜீவன்கள். கதாநாயகப் பிள்ளையின் தாய் அணு உலை விபத்தில் காணாமல் போனவர். அந்தக் கதையிலிருந்தே, நெருப்பு, நீர் போன்ற ஜீவன் வகைகளோடு ‘நியூக்ளியர்’ என்ற புது வகை பிறக்கிறது. மற்ற வகைகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் அது பலமாகத் தாக்கும். கிட்டத்தட்ட எல்லாவற்றிடமும் தானும் பலமாக அடிவாங்கும். பல ஜீவன்களுக்குக் கதிர்வீச்சு பாதித்த தனி வடிவமும் உண்டு என்பதால், பட்டியலை நிரப்புபவருக்கு அது இரட்டிப்பு வேட்டை. கதையும் வேட்டையும் இவ்வளவு இறுக்கமாகப் பின்னிய ரசிகர் கேம் அபூர்வம். 15 லட்சத்துக்கும் மேற்பட்ட முறை தரவிறக்கப்பட்ட நிலையில், போக்கிமான் உரிமையாளர்களில் ஒன்றான நின்டெண்டோவின் வழக்கறிஞர்கள் அனுப்பிய நோட்டீஸால் உருவாக்கியவர்களே இணைப்புகளை நீக்கினார்கள். அந்த ஆண்டு ‘தி கேம் அவார்ட்ஸ்’ விருதின் ரசிகர் படைப்புப் பிரிவில் அதன் பெயர் இடம்பெற்று, பிறகு சத்தமில்லாமல் எடுக்கப்பட்டது. உரிமையாளருக்குச் சட்டம் துணை நிற்கிறது, சரி. 9 ஆண்டு உழைப்புக்கு ஒரு பெயர்க்குறிப்பு கூட மிஞ்சாதது நியாயமில்லை.

‘பிரிஸம்’ என்ற ரசிகர் கேம் இன்னும் பாவம். 8 ஆண்டு உழைப்பு. 2016 கிறிஸ்துமஸ் அன்று வெளியாக வேண்டியது, சில நாட்களுக்கு முன்பு வந்த சட்ட நோட்டீஸால் நின்றது. யாரோ முகம் தெரியாதவர்கள் கசியவிட்டதால்தான் அது ஆடுபவர்கள் கைக்கு வந்தது.

முழுமை என்ற சொல்லுக்கே சவால் விடுவது ‘இன்ஃபினிட் ஃபியூஷன்’. எந்த இரண்டு ஜீவன்களையும் இணைக்கலாம். ஒன்று தலையைத் தரும், மற்றது உடலைத் தரும். மாற்றி இணைத்தால் வேறு ஜீவன். 400 ஜீவன்கள் இருந்தாலே 400 × 400 = 1,60,000 வடிவங்கள். நிமிடத்துக்கு ஒன்று வீதம் தூங்காமல் பார்த்தாலும் 111 நாட்கள் ஆகும்! அவற்றில் பல ஆயிரம் வடிவங்களை ரசிகர்களே கையால் வரைந்திருக்கிறார்கள். இங்கே எல்லாவற்றையும் பிடிக்கத் துடிக்காதீர்கள். அடிப்படை ஜீவன்களை நிரப்புவதே போதுமான சாதனை.

‘இன்சர்ஜன்ஸ்’ கேமில் நெருப்பு வகையில் சேராத சார்மண்டரும் உண்டு, தெரியுமா? அங்கே ‘டெல்டா’ வடிவத்தில் அது பேயும் டிராகனும் கலந்தது.

‘ரீபார்ன்’ கேமில் வழக்கமான 8 ஜிம் மோதல் அரங்குகளுக்குப் பதில் 18, வகைக்கு ஒன்றாக. சில ஜீவன்கள் குறிப்பிட்ட வானிலையில் மட்டுமே தலைகாட்டும். கேமுக்குள் மழை பெய்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

நிறம் மாறிய ‘ஷைனி’ தேடுபவர்களுக்கு ஒரு கணக்கு. பழைய கேம்களில் வாய்ப்பு 8,192க்கு 1. அதே வாய்ப்பைப் பின்பற்றும் கேமில் 8,192 முறை மோதினால் ஒன்று நிச்சயம் என்று பலர் நம்புகிறார்கள். இல்லை. அத்தனை முறை பார்த்த பிறகும் ஒன்றாவது சிக்கியிருக்கும் வாய்ப்பு சுமார் 63 சதவீதம்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தக் கேம்கள் இலவசமாகத் தரப்படுபவை. யாராவது விலை சொன்னால் வாங்காதீர்கள். புதிய பதிப்பை நிறுவும் முன் உங்கள் சேவ் கோப்பைத் தனியாக ஒரு பென்டிரைவில் நகலெடுத்து வையுங்கள். கேமின் நகலும் ஒன்று இருக்கட்டும். இன்று இருக்கும் தரவிறக்க இணைப்பு நாளை இருக்கும் என்று சொல்ல முடியாது.