தூசியை அது பிறக்கும் இடத்திலேயே பிடிக்க வேண்டும்

கிரானைட் பலகையைத் தண்ணீர் விடாமல் கட்டிங் மெஷினில் வெட்டும்போது எழும் வெண்புகையில், கண்ணுக்குத் தெரிகிற தூசி அவ்வளவு கொடியதல்ல. அது மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிச் சளியோடு வெளியேறிவிடும். நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை இறங்குவது சில மைக்ரான் அளவே உள்ள நுண்துகள். அது படிகச் சிலிக்காவாக இருந்தால், விழுங்க வரும் பாதுகாப்புச் செல் அதைச் செரிக்க முடியாமல் தானே செத்து, துகளை மீண்டும் வெளியே விடுகிறது. அடுத்த செல் அதையே விழுங்குகிறது. இது ஓயாமல் நடப்பதால் உண்டாகும் தழும்புதான் சிலிக்கோசிஸ். அதை ஆற்ற மருந்தில்லை. வேலையை விட்ட பிறகும் முற்றக்கூடும். காசநோய் பிடிக்கும் வாய்ப்பையும் பெருக்குகிறது. கிரானைட்டில் ஏறக்குறைய 30 சதவீதம் சிலிக்கா. சமையலறை மேடைக்குப் போடும் செயற்கைக் குவார்ட்ஸ் பலகையில் 90 சதவீதம்கூட உண்டு. அதை வெட்டிய இளம் தொழிலாளர்கள் பலர் நோயுற்றதால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகையையே தடை செய்துவிட்டது.

மாஸ்க் போட்டால் போதாதா என்பார்கள். முகத்தில் சுற்றும் துண்டு இந்த நுண்துகளைத் தடுப்பதில்லை. என்95 தடுக்கும், விளிம்பு முகத்தோடு ஒட்டியிருக்கும்வரை. தாடி இருந்தால் ஒட்டாது. சித்திரை வெயிலில் நாள் முழுக்க அதைக் கழற்றாமல் இருப்பதும் கடினம். அதைவிடப் பெரிய குறை, மாஸ்க் போட்டவர் கிளப்பும் தூசி பக்கத்தில் நிற்கும் சித்தாளின் நெஞ்சுக்குள் போவது. ஒரு கன மீட்டர் காற்றில் எட்டு மணி நேரச் சராசரியாக 50 மைக்ரோகிராமுக்கு மேல் சிலிக்கா கூடாது என்று அமெரிக்கா 2016-ல் விதி வகுத்தது. ஒரு சர்க்கரைப் பரலின் எடைகூட அதைவிடப் பல மடங்கு. இத்தனை சிறிய அளவை மூக்கருகே வடிகட்டிச் சமாளிப்பதைவிட, பிளேடு கல்லைத் தொடும் இடத்திலேயே தண்ணீர் விட்டோ உறிஞ்சியோ அடக்குவதே அறிவு. சுரங்கத்தொழில் இதை எப்போதோ கற்றுக்கொண்டது: காற்றழுத்தத் துளைக்கருவி வேலையோடு தூசியையும் பெருக்கி உயிர்களைக் குடித்தபோது, துளையிடும் கம்பியின் நடுவே தண்ணீர் பாய்ச்சித்தான் தூசியை அடக்கினார்கள்.

மின்கருவியில் தண்ணீரா என்ற அச்சம் நியாயமானது. மூடியில் துளையிட்ட பாட்டிலால் ஒருவர் ஊற்ற, மற்றவர் சாதாரண மெஷினில் வெட்டுவது மரணத்தோடு விளையாடுவது. தண்ணீர்க் குழாயோடு ஈர வெட்டுக்கென்றே செய்த மெஷினும், 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் வேண்டும். சுவரில் காடி வெட்டுவது போன்ற, தண்ணீர் ஒத்துவராத வேலைக்கு பிளேடைச் சுற்றி மூடியும், நுண்துகளைப் பிடிக்கும் வடிகட்டி கொண்ட வேக்குவமும் தேவை.

கருவி கைக்குக் கடத்தும் அதிர்வுக்கும் இதே நியாயம்தான்: பிறக்கும் இடத்திலேயே அடக்க வேண்டும். 1918-ல் அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன், இண்டியானாவின் சுண்ணாம்புக்கல் தொழிலாளர்களை ஆராய்ந்தார். காற்றழுத்தச் சுத்தியல் பிடித்த கைகளின் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போயிருந்தன. அது குளிர்நாட்டு நோய், நமக்கென்ன என்று ஒதுக்க முடியாது. வெப்பத்தில் விரல் வெளுப்பது குறைவாகத் தெரிந்தாலும் நரம்பு பழுதாவது நிற்பதில்லை. மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, சட்டைப் பொத்தான் போட முடியாத தடுமாற்றம் என்று அது வெளிப்படும். கையுறையை நம்பியும் பயனில்லை. கையுறை அதிர்வைப் போதுமான அளவு குறைப்பதில்லை. அதிர்வின் முடுக்கம் இரட்டித்தால் அதே பாதிப்புக்கு நான்கில் ஒரு பங்கு நேரமே போதும். பிரிட்டனின் விதிப்படி, வினாடி வர்க்கத்துக்கு 10 மீட்டர் அதிரும் கருவியை அரை மணி நேரம் பிடித்தாலே முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவு எட்டிவிடும். 2 மணி நேரம் பிடித்தால் ஒரு நாளுக்கான உச்ச வரம்பே எட்டிவிடும். ஆகவே அதிர்வு குறைந்த மெஷினை வாங்குவதும், மழுங்கிய பிளேடை உடனே மாற்றுவதும், தேய்ந்த பேரிங்கைச் சரிசெய்வதும்தான் கையைக் காப்பாற்றும்.

இதற்கெல்லாம் காசு எங்கே என்ற கேள்வியைக் கூலிக்காரரிடம் கேட்பது அநீதி. சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசினால், தண்ணீர் இணைக்கவும் இடையில் கையை ஓய்வெடுக்க விடவும் அவருக்கு நேரமிருக்காது. ஈர வெட்டு மெஷினின் வாடகையையும் கூடுதல் நேரத்தையும் மதிப்பீட்டில் முதலிலேயே எழுத வேண்டியவர்கள் ஒப்பந்தக்காரரும் வீடு கட்டுகிறவரும்தான்.