நீந்தும் டாங்கி!

கணினியில் போர் வியூக விளையாட்டு ஆடும் சுட்டிகளே, உங்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் படைக்கு ஒரே ஒரு டாங்கி வாங்கலாம். ஒன்று கனமான டாங்கி. இரும்பு மலை போல இருக்கும், எளிதில் உடையாது. ஆனால் ஆறு குறுக்கிட்டால் பாலம் தேட வேண்டும். இன்னொன்று நீந்தும் டாங்கி. நிலத்தில் ஓடும், தண்ணீரில் இறங்கி நீந்தும். எதை வாங்குவீர்கள்?

பலரும் உடனே நீந்தும் டாங்கியைத்தான் கேட்பார்கள். வாங்கிய பிறகு அதை எதிரியின் பெரிய டாங்கிகளுக்கு நேர் எதிரே கொண்டுபோய் நிறுத்துவார்கள். இரண்டே நிமிடத்தில் டமால்! பிறகு, "இது சுத்த வேஸ்ட்" என்பார்கள். குறை டாங்கியிலா, ஆடியவரிடமா? நிஜமான நீந்தும் டாங்கிகளின் கதையைத் தெரிந்துகொண்டால் விடை கிடைக்கும்.

இரும்பு எப்படி மிதக்கிறது?

நீந்தும் டாங்கிகளில் புகழ்பெற்றது சோவியத் நாட்டின் பி.டி.-76. 1950களின் தொடக்கத்தில் படையில் சேர்ந்தது. 'பி.டி.' என்றால் ரஷ்ய மொழியில் 'மிதக்கும் டாங்கி' என்பதன் சுருக்கம். 76 என்பது அதன் பீரங்கிக் குழாயின் அளவு, அதாவது 76 மில்லிமீட்டர். உள்ளே மூன்று வீரர்கள் மட்டுமே இருப்பார்கள்.

இதன் எடை சுமார் 14 டன். இவ்வளவு கனமான இரும்பு தண்ணீரில் மூழ்காதா? ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பொருள் தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்கினால் மிதக்கும். 14 டன் டாங்கி 14,000 லிட்டர் தண்ணீரை விலக்க வேண்டும். அதற்காகத்தான் இதன் உடலைப் படகு போல அகலமாக, உள்ளே காலி இடம் விட்டுச் செய்தார்கள்.

தண்ணீரில் இது எப்படி முன்னேறும்? அடிப்பக்கமாகத் தண்ணீரை உறிஞ்சி, பின்பக்கம் உள்ள இரண்டு குழாய்கள் வழியாக வேகமாகப் பீய்ச்சும். தண்ணீர் பின்னால் போக, டாங்கி முன்னால் போகும். கடலில் கணவாய் நீந்துவதும் இப்படித்தான். திரும்ப வேண்டுமானால் ஒரு பக்கக் குழாயை மூடிவிடுவார்கள். சாலையில் மணிக்கு 44 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் இந்த டாங்கி, தண்ணீரில் சுமார் 10 கிலோமீட்டர் வேகத்தில் நீந்தும்.

மிதப்பதற்குக் கொடுத்த விலை

இவ்வளவு நல்ல வண்டி என்றால் எல்லா டாங்கிகளையும் இப்படியே செய்யலாமே? அங்கேதான் சிக்கல்! மிதக்க வேண்டுமானால் எடை குறைய வேண்டும். எடை குறைய வேண்டுமானால் கவசம் மெலிய வேண்டும். பி.டி.-76இன் உடற்பகுதியில் இரும்புத் தகட்டின் தடிமன் 15 மில்லிமீட்டரைத் தாண்டாது. உங்கள் சுண்டுவிரலின் அகலம்தான்! பெரிய இயந்திரத் துப்பாக்கியின் குண்டுகூட அதைத் துளைத்துவிடும். நம் ஆவடியில் தயாராகும் அர்ஜுன் டாங்கியின் எடை 58 டன்னுக்கும் மேல். அது அடி தாங்கும், ஆனால் மிதக்காது.

ஒன்றைப் பெற்றால் ஒன்றை இழக்க வேண்டும். இதை மறந்து போரிட்டவர்களுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள்.

வியட்நாமில் 1969 மார்ச்சில் பென் ஹெட் என்ற இடத்தில், வட வியட்நாமின் பி.டி.-76 டாங்கிகள் இரவில் அமெரிக்க முகாமைத் தாக்க வந்தன. அங்கே அவற்றைப்போல மூன்று மடங்குக்கு மேல் கனமான பேட்டன் டாங்கிகள் காத்திருந்தன. இரண்டு பி.டி.-76 டாங்கிகள் அழிந்தன, மற்றவை பின்வாங்கின. நீந்தும் டாங்கி, கனமான டாங்கியோடு நேருக்கு நேர் மோதக்கூடாது.

அலையைப் பார்த்தவர்கள், பார்க்காதவர்கள்

தண்ணீரில் போகும் டாங்கி என்றால் எந்தத் தண்ணீரிலும் போகுமா? இரண்டாம் உலகப் போரில் 1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கின. அப்போது ஷெர்மன் என்ற டாங்கியைச் சுற்றிக் கித்தான் துணியால் உயரமான தடுப்புக் கட்டி, பின்னால் விசிறி பொருத்தி மிதக்கவிட்டார்கள். அந்தத் துணி சிறிய அலைகளைத்தான் தாங்கும்.

அன்று கடல் கொந்தளித்தது. ஒமாஹா என்று பெயரிடப்பட்ட கரைக்கு எதிரே, சுமார் 5 கிலோமீட்டர் தொலைவிலேயே ஒரு படைப்பிரிவு 29 டாங்கிகளைக் கடலில் இறக்கியது. 27 மூழ்கிவிட்டன! நீந்திக் கரை சேர்ந்தவை இரண்டே இரண்டு. அதே கரைக்கு வந்த இன்னொரு பிரிவின் அதிகாரிகளோ அலைகளைப் பார்த்தார்கள். "இந்தக் கடலில் நீந்த வேண்டாம்" என்று முடிவெடுத்து, டாங்கிகளைக் கப்பலிலேயே கரைவரை கொண்டுபோய் இறக்கினார்கள். நீந்தத் தெரிந்தால் போதாது, எப்போது நீந்தக்கூடாது என்றும் தெரிய வேண்டும்.

நெய் டின் செய்த சாதனை

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்திய ராணுவத்திலும் பி.டி.-76 இருந்தது. நம் வீரர்கள் இதற்கு வைத்த செல்லப் பெயர் 'பிப்பா'. பஞ்சாபியில் தகர டின் என்று பொருள். நெய் டின் மூழ்காமல் மிதக்குமல்லவா, அதனால்தான் இந்தப் பெயர்!

1971ஆம் ஆண்டு. இன்றைய வங்கதேசம் அப்போது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்தது. எங்கு பார்த்தாலும் ஆறும் சேறும். நவம்பர் 20ஆம் தேதி இரவு, 14ஆம் பஞ்சாப் படைப்பிரிவும் 45ஆம் குதிரைப்படையின் 14 பி.டி.-76 டாங்கிகளும் எல்லை தாண்டி கரீப்பூர் என்ற கிராமத்தை அடைந்தன. 'குதிரைப்படை' என்பது பழைய பெயர்தான்; அதில் இருந்தவை டாங்கிகளே.

மறுநாள் அதிகாலை, கண்ணை மறைக்கும் பனிமூட்டம். பாகிஸ்தானின் சாஃபி டாங்கிகள் தாக்க வந்தன. அவை சுமார் 18 டன் எடையுள்ள அமெரிக்க டாங்கிகள். கவசத்தில் நம்முடையதைவிடப் பலமானவை. நம் வீரர்கள் பாய்ந்து சென்று மோதவில்லை. முன்னமே நல்ல இடம் பார்த்து நின்று, எதிரி நெருங்கும்வரை பொறுத்துச் சுட்டார்கள். தரைப்படையினரும் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளோடு துணை நின்றார்கள். எதிரியின் டாங்கிகளில் பெரும்பாலானவை அழிந்தன.

வெற்றிக்கும் விலை இருந்தது. டாங்கியின் மேல்மூடி வழியே நின்று படையை நடத்திய மேஜர் தல்ஜித் சிங் நாரங், இயந்திரத் துப்பாக்கிக் குண்டு பட்டு உயிரிழந்தார். அவருக்கு மகாவீர் சக்ரா விருது அளிக்கப்பட்டது. அவருக்குப் பின் கேப்டன் பல்ராம் சிங் மேத்தா பொறுப்பேற்றுச் சண்டையை நடத்தினார். பின்னாளில் அவர் எழுதிய புத்தகத்தைக் கொண்டு 2023இல் 'பிப்பா' என்ற இந்திப் படமும் வந்தது.

அதே ஆண்டு டிசம்பரில் மேக்னா ஆறு குறுக்கிட்டது. பாகிஸ்தான் படை பாலத்தைத் தகர்த்திருந்தது. வீரர்களை ஹெலிகாப்டர்கள் அக்கரை சேர்த்தன. டாங்கிகள் நீந்தின. ஆனால் ஆறு மிக அகலம். அரை மணி நேரத்தில் என்ஜின்கள் சூடேறிவிட்டன! நாட்டுப் படகுகள்தான் அவற்றை இழுத்துக் கரை சேர்த்தன. போர் இயந்திரத்துக்குப் படகோட்டி கைகொடுத்த கதை இது.

விளையாட்டில் வெல்ல ஐந்து வழிகள்

1. எதிரி காவல் வைக்காத கரையைத் தேடி இறங்குங்கள். பாலத்தில் அவன் காத்திருக்கட்டும்!

2. கனமான டாங்கியோடு நேருக்கு நேர் மோதாதீர்கள். பக்கவாட்டிலும் பின்பக்கத்திலும்தான் அதன் கவசம் மெல்லியது.

3. புதர், மேடு, பனிமூட்டம் இவைதான் மெல்லிய கவசத்துக்கு இன்னொரு கவசம்.

4. தனியாக அனுப்பாதீர்கள். காலாட்படை கூடவே போகட்டும்.

5. தண்ணீரில் டாங்கி மெதுவாகத்தான் போகும். எதிரியின் கண்ணெதிரே ஆற்றில் இறங்கினால் அதுவே குறிப்பலகை ஆகிவிடும்.

கணினியில் டாங்கி வெடித்தால் பொத்தானை அழுத்தி மறுபடி தொடங்கலாம். கரீப்பூரிலும் நார்மண்டியிலும் அப்படி எந்தப் பொத்தானும் இல்லை. அதனால்தான் அங்கே ஒவ்வொரு முடிவையும் யோசித்து எடுக்க வேண்டியிருந்தது.

இப்போது மறுபடியும் கேட்கிறேன். எந்த டாங்கியை வாங்குவீர்கள்? "முதலில் வரைபடத்தைக் காட்டுங்கள், அப்புறம் சொல்கிறேன்" என்கிறீர்களா? சபாஷ்! நீங்கள்தான் நல்ல தளபதி.