விசில் சத்தம் தாங்காத பிள்ளைக்கும் கோடை முகாம் வேண்டும்

ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். பட்டாசு ஆலையைப் பூட்ட மாட்டார்கள். விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துக் கிராமங்களுக்குக் காலையிலேயே ஆலை வேன் வந்துவிடும். அம்மாவும் அப்பாவும் ஏறிப் போனால் வீடு திரும்ப மாலையாகிவிடும். செய்த வேலைக்கு எண்ணிக் கூலி வாங்குகிற வீட்டில், ஒருநாள் போகாவிட்டால் அன்றைய வருமானம் இல்லை. பிள்ளை பாட்டியோடு இருக்கும், தெருவில் ஆடும், வாய்ப்பிருந்தால் கோடை முகாமுக்குப் போகும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் கோடைப் பயிற்சி நடத்துகிறது. நூலகங்களும் தனியார் பள்ளிகளும் ஓவியம், சிலம்பம், செஸ் என்று முகாம் போடுகின்றன.

ஆட்டிசம் உள்ள பிள்ளையை, ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனச்சிதறலும் மிகைத்துடிப்பும் உள்ள பிள்ளையை, அங்கே அழைத்துப் போகும் பெற்றோர் அடிக்கடி கேட்கும் பதில் ஒன்று உண்டு: "சேத்துக்கிறோம், ஆனா கூட ஒரு ஆள் இருக்கணும்." வேன் ஏற வேண்டிய தாய்க்கு இந்தப் பதிலும் மறுப்பும் ஒன்றுதான்.

இப்படிப்பட்ட பிள்ளைகள் எங்கோ ஓரிருவர் என்று நினைக்க வேண்டாம். 2018-ல் 'பிளாஸ் மெடிசின்' இதழில் வெளியான ஆய்வு, இந்தியாவின் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையுள்ள சுமார் 4,000 குழந்தைகளைப் பரிசோதித்தது. 6 முதல் 9 வயதுக்காரர்களில் ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு ஏதாவது ஒரு நரம்பு வளர்ச்சிச் சிக்கல் இருந்தது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, ஏ.டி.எச்.டி. ஆகியவற்றோடு வலிப்பு, செவித்திறன் குறைவு போன்றவையும் இந்தக் கணக்கில் அடக்கம். இந்த விகிதத்தில் பார்த்தால், முப்பது பிள்ளைகள் சேரும் முகாமில் மூன்று நான்கு பேராவது இப்படி இருப்பார்கள். பெயர் வைக்கப்படாமல், "அடங்காதவன்", "மந்தம்" என்ற பட்டத்தோடு அவர்கள் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறார்கள்.

வீட்டிலேயே வைத்துக்கொள்வது பாதுகாப்பு என்பதும் சரியல்ல. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப்பேர் நான்கு வயதுக்குப் பிறகு ஒருமுறையாவது சொல்லாமல் வெளியேற முயன்றிருக்கிறார்கள் என்று அமெரிக்காவில் 2012-ல் வெளியான ஆய்வொன்று காட்டியது. நம் பகுதியில் அப்படி வெளியேறும் பிள்ளையின் எதிரே கண்மாய் இருக்கிறது, கிணறு இருக்கிறது, கல்குவாரிப் பள்ளம் இருக்கிறது. போதாததற்குக் கழித்துப் போட்ட வெடிமருந்தும் கிடக்கலாம். தெரியாமல் அதைக் கொளுத்திப் பிள்ளைகள் காயப்பட்ட செய்திகள் இந்த வட்டாரத்துக்குப் புதியவை அல்ல. பெரியவர்கள் கண்ணெதிரே, ஓர் ஒழுங்குக்குள், மற்ற பிள்ளைகளோடு இருக்கும் இடம்தான் இந்தப் பிள்ளைக்கும் பாதுகாப்பு.

முகாமில் இந்தப் பிள்ளைகளை முதலில் விரட்டுவது சத்தம். பட்டாசுக்கே ஒலி வரம்பு உண்டு: வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி அளந்தால் 125 டெசிபலைத் தாண்டக்கூடாது. முகாமின் விசிலும் ஸ்பீக்கரும் அந்த அளவுக்குப் போவதில்லை. ஆனால் கேட்கும் மூளை எல்லோருக்கும் ஒன்றல்ல. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் ஷூலமைட் கிரீன் குழுவினர், ஆட்டிசம் உள்ள சிறுவர்களுக்கு லேசாக எரிச்சலூட்டும் ஒலியையும் சொரசொரப்பான துணியின் உரசலையும் கொடுத்து மூளையைப் படமெடுத்தார்கள். பெரும்பாலோருக்கு இத்தகைய தூண்டல் திரும்பத் திரும்ப வரும்போது மூளை பழகிக்கொள்ளும். அச்சத்தைக் கையாளும் அமிக்டலா பகுதியின் கிளர்ச்சி தணியும். புலன் கூர்மை மிகுந்த ஆட்டிசச் சிறுவர்களிடம் அப்படித் தணியவில்லை. பத்தாவது விசிலும் அவர்களுக்கு முதல் விசில் போலவே விழுகிறது. காதைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்காரும் பிள்ளையிடம் "போகப் போகப் பழகிடும்" என்று சொல்லும் பயிற்சியாளருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். விசிலுக்குப் பதில் கையைத் தூக்கிக் காட்டலாம். ஸ்பீக்கரை அணைத்து வைக்கலாம். மின்விசிறி உள்ள ஓர் அறையை அமைதியான இடமாக ஒதுக்கி, எப்போது வேண்டுமானாலும் அங்கே போய் வரலாம் என்று சொல்லிவிடலாம். சத்தம் குறைக்கும் காதுறை இரண்டு மூன்று வாங்கி வைத்தால் போதும். பெரிய செலவில்லை.

ஆனால் என் கணிப்பில் சத்தத்தை விடப் பெரிய தடை ஒன்று உண்டு: "முதலில் பிள்ளை சரியாகட்டும், பிறகு கூட்டத்தில் சேர்க்கலாம்" என்ற எண்ணம். அறிவியல் இதைத் தலைகீழாகக் காட்டுகிறது. கானி கசாரி என்ற உளவியலாளரின் குழு, சாதாரணப் பள்ளிகளில் படிக்கும் ஆட்டிசம் உள்ள 60 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வை 2012-ல் வெளியிட்டது. ஒரு வகையில், பெரியவர் ஒருவர் அந்தக் குழந்தைக்கே பழகும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். இன்னொரு வகையில், அந்தக் குழந்தையை விட்டுவிட்டு வகுப்பின் மற்ற மூன்று பிள்ளைகளுக்கு, தனித்து நிற்கும் தோழனை எப்படி விளையாட்டில் சேர்த்துக்கொள்வது என்று கற்றுக்கொடுத்தார்கள். ஆறு வாரம், பன்னிரண்டு அமர்வுகள்தான். மற்ற பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த வகுப்புகளில் அந்தக் குழந்தையை நண்பன் என்று சொன்னவர்கள் கூடினார்கள். விளையாட்டு நேரத்தில் அது தனித்து நிற்பது குறைந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் பலன் நிலைத்திருந்தது.

பழகத் தெரியாமை ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டிஷ் ஆய்வாளர் டேமியன் மில்டன் அதே 2012-ல் இதை எழுதினார்: அவர்களுக்கு நம்மைப் புரிந்துகொள்வது எவ்வளவு கடினமோ, நமக்கு அவர்களைப் புரிந்துகொள்வதும் அவ்வளவு கடினம். பாதி வேலை நம்முடையது.

முகாம் என்ற வடிவமே இதற்குப் பொருத்தமானது என்பதற்கும் பழைய சான்று உண்டு. ஏ.டி.எச்.டி. குழந்தைகளுக்காக வில்லியம் பெல்ஹாம் 1980-ல் அமெரிக்காவில் தொடங்கிய கோடைத் திட்டத்தில், பிள்ளைகள் நாள் முழுக்க விளையாடினார்கள், கொஞ்ச நேரம் படித்தார்கள். நல்லது செய்த நொடியே பாராட்டு, விதிகள் சுருக்கம், அடுத்தது என்ன என்பதில் தெளிவு. கூட நின்றவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். விருதுநகரில் 1947 முதல் செந்திக்குமார நாடார் கல்லூரி இருக்கிறது. சிவகாசியில் 1963 முதல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி இருக்கிறது. இந்தக் கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களில் இருபது பேருக்குச் சிறப்பாசிரியர்கள் சில நாள் பயிற்சி கொடுத்தால், "கூட ஒரு ஆள்" என்ற கேள்விக்கு முகாமே பதில் வைத்திருக்கும்.

பிள்ளையின் விளையாட்டுக்காகப் பேசுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றி வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில், 1990-லேயே உச்ச நீதிமன்றம் இந்தக் குழந்தைகளுக்குக் கல்வியோடு பொழுதுபோக்கும், பிறரோடு கூடிப் பழகும் வாய்ப்பும் வேண்டும் என்றது. 1988-ல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் முதல் களங்களில் சிவகாசியும் ஒன்று. தீப்பெட்டிக் கட்டையும் பட்டாசுத் திரியையும் பிடித்த பிஞ்சுக் கைகளை வகுப்பறைக்குக் கொண்டுவர ஒரு தலைமுறை உழைத்தது. 2021-ல் வந்த அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் மாலை வகுப்பைத் தெருவுக்கே கொண்டுவந்தது: வீட்டுக்குப் பக்கத்து இடம், தன்னார்வலராகத் தெரிந்த அக்கா, சிறிய குழு, ஒன்றரை மணி நேரம். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு வேறில்லை. தன்னார்வலருக்கு இந்தப் பிள்ளைகளைப் பற்றிய பயிற்சியும் தொடர்ந்து கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

சட்டமும் இந்தப் பக்கமே நிற்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது; ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் உண்டு. படிப்பில் மட்டுமல்ல, விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் சமவாய்ப்புத் தரக் கல்வி நிலையங்களைக் கட்டாயப்படுத்துகிறது. ஏ.டி.எச்.டி. தனி வகையாக அந்தப் பட்டியலில் இல்லை; அந்தப் பிள்ளையிடம் சான்றிதழ் இல்லாமல் போகலாம். ஆகவே முகாம் நடத்துவோர் சான்றிதழ் கேட்டு நிற்கக்கூடாது. சேர்க்கைப் படிவத்தில் பெற்றோரிடம் மூன்று கேள்வி கேட்டால் போதும்: எதற்குப் பயப்படுவான்? எது பிடிக்கும்? அழுதால் எப்படிச் சமாதானம் செய்வீர்கள்?

இன்னும் ஒன்று, இந்த ஊரால் மட்டும் எளிதில் முடிவது. ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பதற வைப்பது அடுத்து என்ன என்று தெரியாத நிலை. வட கரோலினாவில் 1970-களிலிருந்து எரிக் ஷாப்லரும் அவரோடு பணியாற்றியவர்களும் வளர்த்தெடுத்த வழி, நாளின் வேலைகளை வரிசையாகப் படங்களில் காட்டும் அட்டை. சிலம்பம், தண்ணீர், ஓவியம், சாப்பாடு, வீடு. முடிந்ததைப் பிள்ளையே எடுத்துப் பெட்டியில் போடும். நாட்டுக்கே காலண்டர் அச்சிட்டு அனுப்பும் ஊர் சிவகாசி. அச்சக உரிமையாளர்களே, அடுத்த ஏப்ரலுக்குள் அந்தப் பட அட்டைகளை நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த படங்களோடு அச்சிட்டு, மாவட்டத்தின் ஒவ்வொரு கோடை முகாமுக்கும் ஒரு கட்டு கொடுங்கள்.